சுட்ட ரவைக் கோது ஏன் பழைய அளவுக்கு வர மறுக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கொழும்பு, கொட்டாஞ்சேனை வீட்டு விறாந்தையில் தேத்தண்ணியோடு இருந்தபோது கனடாவில் இருக்கும் மருமகன் வீடியோ அழைப்பில் வந்தான். மூன்று பித்தளைக் கோதுகளை விரல்களுக்கிடையில் பிடித்துக் காட்டினான்.

"மாமா, ஒரே அச்சு. நான் ஒண்டையும் மாத்தேல்லை. ஆனா மூண்டும் மூண்டு உயரத்திலை வருது. அச்சு இளகிட்டுதோ?"

"எத்தினை தரம் சுட்டது?"

"இது ரெண்டு தரம். இது நாலு. இது ஆறோ ஏழோ."

சுட்ட கோதைப் பழைய அளவுக்கு அழுத்தும் அந்த அச்சில் பிழையில்லை என்று அந்தப் பதிலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. நான் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. பஞ்சிகாவத்தைக் கடைசல் பட்டறையில் முப்பது வருடம் பித்தளையோடும் செம்போடும் பழகியவன். புஷ், குழாய் இணைப்பு, ரேடியேற்றர் வாய், தண்ணீர்ப் பம்பியின் உதிரிகள் என்று என் கையால் போன பித்தளைக்குக் கணக்கில்லை. மருமகன் சொன்னதை நான் துப்பாக்கிப் பிரச்சினையாகக் கேட்கவில்லை, பித்தளைப் பிரச்சினையாகத்தான் கேட்டேன். அன்று அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கோவையாக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. அவன் இருக்கும் நாட்டில் உரிமம் பெற்ற இலக்குச் சூட்டுக்காரர் ஒருவர், சுட்டு முடிந்த கோதைத் துப்புரவாக்கி, பழைய அளவுக்கு அழுத்தி, தன் பாவனைக்கு மீண்டும் நிரப்புவது சாதாரண பொழுதுபோக்கு. இங்கே இலங்கையில் அப்படியல்ல. துப்பாக்கிக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், வெடிமருந்துக்கு 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும் இருக்கின்றன. சட்டத்தை விட்டாலும், இந்த நகரத்தில் வாழ்ந்த தமிழனுக்கு வெற்று ரவைக் கோது என்பது வெறும் பித்தளைத் துண்டு அல்ல. வீடு வீடாகச் சோதனை நடந்த காலத்தில் அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை என் வயதுக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. "படம் போதும், ஒண்டையும் தபாலிலை அனுப்பிப் போடாதை" என்று மருமகனுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அவன் அளந்து சொன்ன கணக்குகளும் அனுப்பிய படங்களும்தான் என்னிடம் உள்ளவை. மருந்து எவ்வளவு, சன்னம் எது என்பதெல்லாம் என் வேலையல்ல. கோதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அவனிடம் இருப்பது லீ-என்பீல்ட் நாலாம் இலக்க றைபிள். கனடாவின் வடபுலத்து ரேஞ்சர் படையினர் 1947 முதல் அண்மைக்காலம் வரை தோளில் மாட்டியிருந்ததும் அதுதான். அதன் ரவையைப் பொயின்ற் மூன்று பூச்சியம் மூன்று என்பார்கள். 1888இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட அளவு அது. கோதின் நீளம் 56 மில்லிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். சிறிய போத்தல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே கெட்டியான அடி, அதைச் சுற்றி வெளியே நீட்டிய விளிம்பு, மேல்நோக்கிச் சற்றுச் சரிந்து ஒடுங்கும் உடல், பிறகு தோள், தோளுக்கு மேல் சன்னத்தைக் கவ்விப் பிடிக்கும் கழுத்து. அடிக்கு நடுவில், தட்டினால் தீப்பொறி தரும் கேப். அடியில் பித்தளை தடிப்பாகவும் கடினமாகவும் இருக்கும். மேலே போகப் போக மெலிந்து இளகும். இந்த வேறுபாடு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பின்னால் வரும் எல்லாம் இதில்தான் தொங்குகிறது.

சுடும்போது உள்ளே எழும் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 49,000 இறாத்தல் வரை போகலாம். அந்தக் கணத்தில் கோது ஊதிப் பெருத்து, துப்பாக்கியின் உருக்கு அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டுவதால்தான் வாயு பின்பக்கமாகச் சுடுபவனின் முகத்துக்கு வராமல் அடைபடுகிறது. அமுக்கம் இறங்கியதும் கோது ஒரு மயிரிழை சுருங்கிச் சுவரை விட்டு விலக வேண்டும். விலகாவிட்டால், அறையின் பின்வாயை அடைக்கும் பூட்டைத் திறந்து வெளியே எடுக்க முடியாது. பெருப்பதும் வேண்டும், சுருங்குவதும் வேண்டும். இரண்டையும் ஒரே கணத்தில் செய்யக்கூடிய உலோகம் மலிவாகக் கிடைப்பது அரிது. நூறில் எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை அந்த அரிய ஒன்று. உலகமெங்கும் அதற்கு ரவைப் பித்தளை என்றே பெயர் விழுந்துவிட்டது.

குத்துவிளக்குப் பித்தளையும் இதுவும் ஒன்றல்ல. செட்டியார் தெருக் கடைகளில் நிற்கும் விளக்குகள் வார்ப்பு. அதில் துத்தநாகம் கூட இருக்கலாம், ஈயமும் கலந்திருக்கலாம். நாங்கள் லேத்தில் கடையும் கம்பியிலும் ஈயம் உண்டு. சீவல் சுருளாமல் பொடிந்து விழுவது அந்த ஈயத்தால்தான். அந்தப் பித்தளையை எடுத்து இழுத்துக் குவளையாக்கப் பார்த்தால் கிழிந்துவிடும். துத்தநாகம் சுமார் 35 பங்குக்குள் நிற்கும்வரை பித்தளையின் உள்ளமைப்பு முழுக்க ஒரே வகையாக இருக்கும், குளிர்ந்த நிலையிலேயே நீட்டலாம், வளைக்கலாம், மடக்கலாம். 40 பங்குக்குப் போனால் இன்னொரு கடினமான வகை உள்ளே கலக்கிறது. அதைச் சூடாக்கித்தான் உருட்ட வேண்டும். 1832இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த மன்ட்ஸ் என்பவர் காப்புரிமை எடுத்த, மரக் கப்பலின் அடிக்குப் போர்த்திய தகடு அந்த வகை. ரவைக் கோதுக்கு அது உதவாது.

சுட்ட கோது அறையின் அளவுக்குப் பெருத்துவிடுகிறது. அதற்கு அப்படியே கேப்பும் மருந்தும் போட முடியாது. கழுத்து அகன்றிருப்பதால் சன்னம் நிற்காது. ஆகவே கைநெம்பு வைத்த சிறிய அமுக்கி ஒன்றில் பூட்டிய உருக்கு அச்சுக்குள் கோதைத் தள்ளுகிறார்கள். அச்சின் உட்குழி அறையைவிடச் சற்றுச் சிறியது. உடல் ஒடுங்குகிறது, தோள் கீழே இறங்குகிறது, கழுத்து நெரிகிறது. நடுவில் உள்ள ஊசி பழைய கேப்பைத் தள்ளி விழுத்துகிறது. வெளியே இழுக்கும்போது ஊசிக்கு மேலுள்ள சிறிய உருண்டை கழுத்தின் உட்புறத்தைச் சரியான அளவுக்கு விரித்துவிடுகிறது. இது முழுக் கோதையும் அழுத்தும் முறை. கழுத்தை மட்டும் நெரித்து, உடலைத் தொடாமல் விடும் அச்சும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் இந்தத் தொழிலின் பாதிச் சண்டை. என் பக்கம் எது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மருமகனின் மூன்று உயரங்களுக்கு வருவோம். அவன் உயரம் என்று சொன்னது அடியிலிருந்து தோள்வரை உள்ள தூரத்தை. அந்தத் தூரத்தை அவர்கள் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று அளக்கிறார்கள். பூட்டு வகை றைபிளுக்குத் தோளை அந்த ஒன்றிரண்டு பங்கு மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதும் என்பது அவர்கள் வழக்கம். மில்லிமீற்றரில் சொன்னால் 0.025இலிருந்து 0.05க்குள். தலைமயிரின் பருமனைவிடக் குறைவு.

எந்த உலோகத்தை வளைத்தாலும் கையை எடுத்ததும் கொஞ்சம் திரும்பி வரும். தகரத்தை மடிக்கும் பையனுக்கும் இது தெரியும். தொண்ணூறு பாகை வேண்டுமென்றால் தொண்ணூற்றிரண்டுக்கு மடிப்பான். எவ்வளவு திரும்பும் என்பதை இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று உலோகத்தின் விறைப்பு. பித்தளை இளகியதானாலும் கடினமானதானாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே, உருக்கில் பாதியைச் சற்றுத் தாண்டும். மற்றது, நிரந்தரமாக வளையத் தொடங்குமுன் அது எவ்வளவு தாங்குகிறது என்பது. இங்கேதான் வேறுபாடு. நன்றாக இளக்கிய ரவைப் பித்தளை 100 மெகாபாஸ்கல் அளவிலேயே விட்டுக்கொடுத்து வளையத் தொடங்கும். அடித்து இறுகிய அதே பித்தளை 400ஐத் தாண்டியும் தாங்கும். தாங்கும் அளவு நாலு மடங்கானால், திரும்பி வரும் அளவும் நாலு மடங்கு.

கையில் கடதாசி எடுத்துக் கணக்குப் போட்டேன். இந்த ரவையின் கழுத்து வெளியே சுமார் 8.6 மில்லிமீற்றர். இளகிய கழுத்து, அச்சை விட்டு வந்ததும் 0.008 மில்லிமீற்றர் அளவில் விரியும். இறுகிய கழுத்து 0.034 அளவில் விரியும். சன்னத்தைக் கவ்விப் பிடிப்பதற்காகக் கழுத்தை எவ்வளவு சிறிதாக வைக்கிறாய் என்று மருமகனிடம் கேட்டேன். ஆயிரத்தில் இரண்டு அங்குலம் என்றான், அதாவது 0.05 மில்லிமீற்றர். அப்படியானால் இளகிய கோதுக்கும் இறுகிய கோதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே, அவன் கவனமாக வைத்த பிடியில் பாதியைத் தின்றுவிடுகிறது. தோளிலும் இதே கதைதான். ஒரே அச்சு, ஒரே இறக்கம், ஆனால் இரண்டு தரம் சுட்டது அமுக்கிய இடத்தில் நிற்கிறது, ஏழு தரம் சுட்டது மேலே துள்ளுகிறது. அவன் அச்சைத் திருகித் திருகி இறக்கியிருந்தால், இளகிய கோதின் தோளை அளவுக்கு மிஞ்சித் தள்ளியிருப்பான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

பித்தளை ஏன் இறுகுகிறது? ஆமர் வீதிச் சந்தியை நினைத்துப் பாருங்கள். காலை ஐந்து மணிக்கு நாலைந்து முச்சக்கர வண்டிகள், தடையில்லாமல் போகும். எட்டு மணிக்கு ஐந்நூறு வண்டிகள், ஒன்றை ஒன்று மறித்து எதுவும் அசையாது. உலோகத்தின் உள்ளே அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கில் ஆங்காங்கே வழுக்கள் உண்டு, ஒரு வரிசை பாதியில் நின்றுபோன இடங்கள். நாம் வளைக்கும்போது முழு அடுக்கும் ஒன்றாக நகர்வதில்லை. இந்த வழுக்கள்தான் வண்டிபோல ஓடி வளைவைக் கொடுக்கின்றன. ஆனால் வளைக்க வளைக்க அவை பெருகுகின்றன, ஆயிரக்கணக்கான மடங்கு. பெருகியவை ஒன்றோடொன்று சிக்கி நிற்கின்றன. பிறகு அசைக்கக் கூடுதல் பலம் வேண்டும். அதுதான் இறுக்கம். அதற்கும் மேல் வளைத்தால் அசைய இடமில்லாமல் பிளக்கும்.

செட்டியார் தெருவின் பின்பக்கத்து நகைப் பட்டறைகளில் இது தினசரிக் காட்சி. துளைகள் வரிசையாகப் போட்ட உருக்குத் தகட்டில் கம்பியைப் பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு ஒவ்வொன்றாக இழுப்பார்கள். மூன்று நாலு துளை தாண்டியதும் ஆசாரி நிறுத்திவிடுவார். ஊதுகுழல் நெருப்பில் கம்பியை வாட்டி, தண்ணீரில் போட்டு, மறுபடி இழுப்பார். நிறுத்தாமல் இழுத்தால் கம்பி அறும் என்று அவருக்குக் கை சொல்லும். ரவைக் கோதும் தொழிற்சாலையில் அப்படித்தான் பிறக்கிறது. வட்டத் தகட்டை அமுக்கிச் சிறு குவளையாக்கி, அதை இழுத்து நீட்டி, சூடாக்கி இளக்கி, அமிலத்தில் கழுவி, மறுபடி இழுத்து, மறுபடி இளக்கி, கடைசியில் அடியை அடித்து இறுக்கி, கழுத்தை ஒடுக்கி, அந்தக் கழுத்துக்கு மட்டும் இன்னொரு முறை சூடு காட்டுவார்கள். படையினரின் ரவைகளில் கழுத்தோரம் நீலமும் ஊதாவுமாக ஒரு கறை தெரியும். அது அழுக்கல்ல, அந்தக் கடைசிச் சூட்டின் அடையாளம்.

கோது பிறப்பதற்கே இத்தனை தரம் இளக்க வேண்டியிருக்கிறது. சுட்டவர் வீட்டில் என்ன நடக்கிறது? சுடும்போது விரிகிறது, அச்சில் சுருங்குகிறது, உருண்டையில் மறுபடி விரிகிறது, சன்னம் வைக்கும்போது இன்னும் கொஞ்சம் விரிகிறது. ஒரு சுற்றில் கழுத்துக்கு நாலு அசைவு. ஏழு சுற்றில் இருபத்தெட்டு. நடுவில் ஒருதரமாவது சூடு காட்டவில்லை என்றால், நகை ஆசாரி அதை வேலை என்றே சொல்லமாட்டார்.

அதனால் மருமகனிடம் சூடு காட்டச் சொன்னேன். ஆனால் இந்த இடத்தில் நம்மவர்கள் இரண்டு பிழை விடுவார்கள் என்று எனக்குத் தெரியும், பட்டறையில் நூறு தரம் பார்த்திருக்கிறேன். முதலாவது, இரும்பின் பழக்கத்தைப் பித்தளைக்குக் கொண்டுவருவது. உருக்கைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும். பித்தளைக்கு அப்படி ஒன்றும் நடக்காது. சூட்டில் சிக்கல் அவிழ்ந்து, புதிய மணிகள், அதாவது உலோகத்தின் சிறு படிகங்கள், முளைத்து, உலோகம் இளகிவிடும். தண்ணீரில் போட்டாலும் இளக்கம்தான், காற்றில் ஆறவிட்டாலும் இளக்கம்தான். தண்ணீரின் வேலை சூடு பரவுவதை நிறுத்துவது மட்டுமே.

இரண்டாவது பிழை ஆபத்தானது. பித்தளை சூட்டை வேகமாகக் கடத்தும், சாதாரண உருக்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கழுத்தில் நெருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் சில நொடிகளில் சூடு உடலைத் தாண்டி அடிக்கு இறங்கிவிடும். அடி இளகக்கூடாது. அந்த 49,000 இறாத்தலையும் தாங்கிப் பிடிப்பது இறுகிய அடிதான். அது இளகினால் சுடும்போது வாயு பின்னால் கிழித்துக்கொண்டு வரும். இளகிய அடியைத் திரும்ப இறுக்க வீட்டில் எந்த வழியும் இல்லை. சந்தேகப்பட்டால் அந்தக் கோதை நசுக்கிக் குப்பையில் போடு என்றேன், பழைய பித்தளை விலைக்கு யோசிக்காதே என்றேன். கழுத்தையும் தோளையும் மட்டும், சுழற்றிக்கொண்டே, எண்ணி ஐந்தாறு நொடி. வெளிச்சம் குறைந்த அறையில் கழுத்தில் கருஞ்சிவப்புத் தலைகாட்டும் அந்தக் கணத்தில் எடுத்துவிட வேண்டும். எந்தப் பொருளும் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியத் தொடங்குவது 525 பாகை செல்சியஸ் அளவில். பகல் வெளிச்சத்தில் சிவப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்றால், ஏற்கெனவே அளவு மிஞ்சிவிட்டது. அதற்கும் மேல் போனால் மணிகள் அளவுக்கு மீறிப் பெருத்து, கழுத்து ஈரக் கடதாசிபோல் ஆகிவிடும், சன்னத்தைப் பிடிக்கத் தெம்பிருக்காது.

எண்ணெய் விடயம் சிறியது. பித்தளையும் உருக்கும் வறட்டு உரசலில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், கோது அச்சுக்குள் இறுகிப்போகும். அதனால் மெல்லிய பூச்சு வேண்டும். கூடிப்போனால், போக இடமில்லாத எண்ணெய் தோளில் குழி விழுத்தும். வேலை முடிந்ததும் முழுக்கத் துடைக்க வேண்டும், ஏனென்றால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டிய கோது எண்ணெயில் வழுக்கினால் முழு உதையும் பூட்டின்மேல் விழும்.

நான் உண்மையில் கவலைப்பட்டது வேறொன்றுக்கு. ஏழு தரம் சுட்ட கோதைக் கமெராவுக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னேன். விளிம்புக்குச் சற்று மேலே, உடலைச் சுற்றி மங்கலாக ஒரு பளபளப்பு வளையம் ஓடியது.

"அது அச்சு உரசின அடையாளம் எண்டு நினைச்சன் மாமா."

"உரசினது எண்டால் கீறல் நிமிர்ந்து நிக்கும். இது குறுக்காலை சுத்தி ஓடுது. அதைத் தனியா எடுத்து வை. இனிச் சுடாதை."

அந்த வளையத்தின் கதை இந்த றைபிளுக்கே உரியது. இந்த ரவையை அறைக்குள் நிறுத்திவைப்பது அதன் விளிம்பு. விளிம்பின் தடிப்பு 0.064 அங்குலத்துக்கு மேல் போகாது. ஆனால் பூட்டு முகத்துக்கும் விளிம்பு அமரும் இடத்துக்கும் இடையே 0.074 அங்குலம் வரை இடைவெளி இருந்தாலும் படையினரின் அளவுகோல் அந்த றைபிளை ஏற்றுக்கொள்ளும். நூறில் ஓர் அங்குலம், கால் மில்லிமீற்றர், வெறும் காற்று. போதாக்குறைக்கு அறையின் தோள்ப் பகுதியும் தாராளமாகக் குடையப்பட்டிருந்தது. சேற்றிலும் மணலிலும் கிடந்த ரவைகூடச் சிக்காமல் உள்ளே போக வேண்டும் என்பது அன்றைய தேவை. ஒரு தரம் சுட்டு எறியும் படைக்குக் கோதின் ஆயுள் பொருட்டே இல்லை. பூட்டின் பிடிகளும் பின்பக்கத்தில் இருப்பதால் சுடும்போது உருக்கே கொஞ்சம் நெகிழும்.

சுடும் கணத்தில் கோதின் மெல்லிய முன்பாதி விரிந்து அறைச் சுவரைக் கவ்விக்கொள்கிறது. தடித்த அடி விரிவதில்லை, அது பூட்டு முகம்வரை பின்னால் தள்ளப்படுகிறது. முன்பாதி நிற்கிறது, அடி போகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள பித்தளை இழுபட்டு மெலிகிறது. இப்போது அந்தக் கோது அறையின் தோளைத் தொடும் அளவுக்கு நீண்டுவிட்டது. அதை அப்படியே விட்டால் அடுத்த தரம் அடி பின்னால் போக இடமில்லை. ஆனால் அச்சை முழுக்க இறக்கித் தோளைப் புதுக் கோதின் அளவுக்குத் தள்ளினால், அந்தக் காற்றிடைவெளியைத் திரும்பவும் உண்டாக்கிவிடுகிறோம். மறுபடி சுடும்போது அதே இடம் மறுபடி இழுபடும். நாலு தரம், ஐந்து தரம், பிறகு உள்ளே பள்ளம், வெளியே பளபளப்பு வளையம். கடைசியில் கோது இரண்டாக அறுந்து, முன்பாதி அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

இழுபட்ட பித்தளை எங்கேயாவது போக வேண்டுமே. அச்சுக்குள் உடல் நெரியும்போது அது முன்னோக்கி வழிந்து கழுத்தில் சேர்கிறது. அதனால்தான் ஒவ்வொரு சில சுற்றுக்கும் கழுத்து நீண்டு, வெட்டிக் குறைக்க வேண்டியிருக்கிறது. மருமகன் தன் பெட்டிக்குள் சேர்ந்த அந்த மெல்லிய பித்தளை வளையத் துருவல்களைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். அவை அடியிலிருந்து களவுபோன உலோகம். கழுத்தில் வெட்டி எறிவதெல்லாம் அடிப்பக்கத்தில் குறைந்த தடிப்பு.

ஆகவே என் பக்கம் இதுதான்: கோதைத் தொழிற்சாலை அளவுக்குத் திருப்பிக் கொண்டுபோகப் பார்க்கக்கூடாது. அது பிறந்த அளவு அந்த ஒரு றைபிளுக்காக அளந்ததல்ல, உலகத்தில் உள்ள எல்லா அறைக்கும் பொதுவாக வைத்தது. ஒருதரம் சுட்ட கோது அவனுடைய றைபிளின் அளவை எடுத்துவிட்டது. அந்த அளவு ஒரு வரம். அதே றைபிளில்தான் மறுபடி சுடப்போகிறான் என்றால், கழுத்தைத் தேவையான அளவு மட்டும் நெரித்து, தோளை மயிரிழை மட்டும் தொட்டுவிட்டால் போதும். விளிம்பு தாங்க வேண்டிய ரவையைத் தோள் தாங்கத் தொடங்கும். சில சுற்றுகளுக்குப் பிறகு உடல் இறுகிப் பூட்டுச் சிரமப்படும்போது மட்டும் முழுக்க அழுத்தலாம், அதையும் அளந்து. வேறொருவருடைய றைபிளுக்கு அந்தக் கோதைக் கொடுக்கக்கூடாது. அச்சு விற்கும் பெட்டியில் வரும் தாள், அச்சை அமுக்கியின் தட்டில் முட்டும்வரை இறக்கச் சொல்கிறது. எந்த றைபிளிலும் நுழையும் ரவை வேண்டுமென்றால் அது பிழையில்லை. இந்த றைபிளுக்கு அது கோதைக் கொல்லும் வழி.

பேச்சு முடியும் நேரத்தில் அவன் இன்னொன்று கேட்டான். பெட்டியில் வைத்திருந்த பழைய கோதுகள் சில, யாரும் தொடாமலே, கழுத்தில் நெடுக்காக வெடித்திருந்தனவாம். எங்கே வைத்திருந்தாய் என்றேன். கீழறையில், துணி துவைக்கும் மூலையில், துப்புரவுத் திரவங்களுக்குப் பக்கத்தில். அதில் ஒன்றில் அமோனியா.

இந்த வெடிப்புக்கு நம் பக்கத்து மண்ணில் ஒரு வரலாறு உண்டு. பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் ரவைகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் சுடாத ரவைகளின் கோதுகள் தானாகப் பிளந்திருந்தன. பருவத்தோடு வந்ததால் பருவ வெடிப்பு என்று பெயரிட்டார்கள். காரணம் மழையல்ல என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் எடுத்துக்காட்டினார்கள். லாயத்தில் குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, ஈரக் காற்று, அதோடு கோதை ஒடுக்கும்போது உள்ளே தங்கிவிட்ட இழுவிசை. மூன்றும் சேர்ந்தால்தான் வெடிக்கும். இழுவிசையை மட்டும் நீக்கினால் போதும். இளகும் அளவுக்குப் போகாமல், 250 முதல் 300 பாகை வரையில் கொஞ்சநேரம் வாட்டினால் இறுக்கம் குறையாமலே உள்ளிழுப்பு தளர்ந்துவிடும்.

கொழும்பில் கழிவறை ஓரத்துப் பித்தளை நட்டுகள் நெடுக்காகப் பிளந்து வருவதை நான் எத்தனையோ தரம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். "கனக்க இறுக்கிப்போட்டாங்கள்" என்று வீட்டுக்காரர் குழாய்க்காரனை ஏசுவார். பாதி உண்மை. இறுக்கியது இழுவிசையைக் கொடுத்தது, மீதியைக் கழிவறைக் காற்றும் நம்முடைய ஈரமும் பார்த்துக்கொண்டன. கோதைப் பளபளப்பாக்க அமோனியா கலந்த பொலிஷ் போடாதே என்று அவனுக்குச் சொன்னதும் அதனால்தான். விளக்கு அதைத் தாங்கும். அது தடித்த வார்ப்பு, ஒடுக்கப்பட்டதல்ல. மெல்லிய, நெரிபட்ட கழுத்து தாங்காது.

இரண்டு கிழமை கழித்து ஒரு படம் வந்தது. வளையம் விழுந்த கோதையும், நாலு தரம் முழுக்க அழுத்தியதையும், நாலு தரம் கழுத்து மட்டும் நெரித்ததையும் அரத்தால் நெடுக்காகப் பிளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். முதலாவதில் அடிக்கு மேலே சுவர் நகத்தின் தடிப்புக்கு மெலிந்து, உட்பக்கம் ஒரு வாய்க்கால். இரண்டாவதில் வாய்க்கால் தொடங்கியிருக்கிறது, கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் தடவினால் தட்டுப்படும் என்று எழுதியிருந்தான். மூன்றாவதில் தடிப்பு அடியிலிருந்து மேல்நோக்கிச் சீராகக் குறைந்துகொண்டு போகிறது, எங்கும் பள்ளமில்லை. வளையம் தெரிந்த தொகுதியில் இன்னும் முப்பத்தொரு கோது இருந்தனவாம். அத்தனையையும் குறட்டால் நசுக்கிவிட்டு, நசுக்கிய குவியலையும் படம் பிடித்து அனுப்பியிருந்தான்.